கார்பன் துணியில் வளர்த்த நானோ கம்பிகளுக்குப் பூச்சு பூசினால் புல உமிழ்வு கூடுமா?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. கார்பன் துணியின்மேல் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளை வளர்த்திருக்கிறார். வெற்றிடத்தில் வைத்து எலக்ட்ரான் புல உமிழ்வை, அதாவது மின்புலம் இழுத்து வெளியே எடுக்கும் எலக்ட்ரான்களை, அளந்தால், மைக்ரோமீட்டருக்கு 2 வோல்ட் பக்கத்தில் மின்னோட்டம் தொடங்குகிறது. அதன்மேல் எலக்ட்ரானை எளிதில் விடும் லாந்தனம் ஹெக்சாபோரைடு என்ற பொருளைப் பூசினால் அது 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமா, துணி வளைகிறதே, இதை உடுப்பில் தைக்கிற கருவிகளுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்கிறார். எந்தப் பூச்சு நல்லது என்பதுதான் மேலோட்டமான கேள்வி. அடியில் இருப்பது வேறு: ஆய்வுக் கட்டுரைகளில் வரும், அவரே குறிப்பிட்ட 0.7 வோல்ட் என்ற அந்தச் சின்ன எண் தன் கைக்கு ஏன் வரவில்லை என்பது. நான் பல வருடங்களாக இதே துணியோடும் இதே ஆக்சைடோடும் வெற்றிடக் கலத்தின் முன் உட்கார்ந்தவன். லாந்தனம் ஹெக்சாபோரைடைப் பூசிப் பார்த்தது சில தடவைகள்தான். அதனால் துணியையும் அளவீட்டையும் பற்றி உறுதியாகப் பேசுகிறேன், அந்தப் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் அடக்கமாகப் பேசுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஒரு பரப்பில் இருக்கும் எலக்ட்ரான் வெளியே வர ஒரு ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். அதைத்தான் வெளியேற்று ஆற்றல் என்று பள்ளியில் படித்தோம். புல உமிழ்வில் எலக்ட்ரான் அந்தத் தடையை ஏறித் தாண்டுவதில்லை. வெளியிலிருந்து கொடுக்கும் மின்புலம் தடையை ஒன்றிரண்டு நானோமீட்டர் அகலத்துக்கு மெலிதாக்கிவிடுகிறது, எலக்ட்ரான் அதற்குள் ஊடுருவி வெளியே வந்துவிடுகிறது. இதற்கு ஃபௌலரும் நார்ட்ஹைமும் 1928இல் கொடுத்த சமன்பாடுதான் இன்றும் எல்லோர் வரைபடத்துக்கும் அடிப்படை. என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம், உலோகத்திலிருந்து எலக்ட்ரானை இழுக்க மீட்டருக்கு 10⁸ வோல்ட் அளவு மின்புலம் வேண்டும் என்கிறது. நுனியில் உண்மையில் தேவைப்படுவது அதைவிடப் பல மடங்கு அதிகம். வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான் வோல்ட் உள்ள டங்ஸ்டனுக்கு நானோமீட்டருக்கு 3 வோல்ட்டுக்கு மேலே போனால்தான் அளக்கத்தக்க மின்னோட்டம் வரும். அது மீட்டருக்கு 3×10⁹ வோல்ட்.

நீங்கள் கொடுப்பதோ மைக்ரோமீட்டருக்கு 2 வோல்ட், அதாவது மீட்டருக்கு 2×10⁶. இடையில் உள்ள ஆயிரம் இரண்டாயிரம் மடங்கை நிரப்புவது வடிவம். கூர்மையான நுனியில் மின்புலம் குவிகிறது. அந்தப் பெருக்கத்தைப் பீட்டா என்று எழுதுகிறோம். ஒரு பெரிய மேட்டின்மேல் ஒரு சின்ன முள் நின்றால், மேட்டின் பெருக்கமும் முள்ளின் பெருக்கமும் ஏறத்தாழ ஒன்றோடொன்று பெருகும். ஷாட்கி 1923இல் சொன்ன இந்தக் கருத்து, முள் மேட்டைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை நன்றாகவே பொருந்துகிறது. கார்பன் துணியின் பலம் இங்கேதான் இருக்கிறது. அதன் ஒரு தனி இழை சுமார் 7 மைக்ரோமீட்டர் விட்டம். இழையே ஒரு மேடு, அதன்மேல் வளர்ந்த கம்பி முள்.

இழையின் வளைவு எவ்வளவு உதவுகிறது என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் கவனிப்பதில்லை. 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு குழாயின் நடு அச்சில் ஒரே ஒரு கார்பன் இழையை நீட்டிப் பிடித்து, குழாய்க்கும் இழைக்கும் நடுவே 1000 வோல்ட் கொடுங்கள். தட்டையான இரண்டு தகடுகள் அதே 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் மின்புலம் மைக்ரோமீட்டருக்கு 0.1 வோல்ட். இழையின் பரப்பிலோ அது மைக்ரோமீட்டருக்குச் சுமார் 36 வோல்ட். எந்த நானோ அமைப்பும் வளர்க்காமலேயே 360 மடங்கு கிடைக்கிறது. அச்சில் கம்பி, சுற்றிலும் ஒளிரும் பூச்சு என்று குழல் விளக்கு செய்யும் யோசனையை லொசானில் 2001 வாக்கில் கார்பன் நானோ குழாய்களை வைத்துச் செய்துபார்த்ததும் இந்தக் குவிப்பை நம்பித்தான். துணியில் இழைகள் நெருக்கமாகக் கிடப்பதால் ஒன்றின் மின்புலத்தை இன்னொன்று மறைக்கும், அதனால் இவ்வளவு கிடைக்காது. ஆனால் மின்னழுத்தத்தை இடைவெளியால் வகுத்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு துணியையும் ஒரு சிலிக்கான் தகட்டையும் ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது என்பது இதிலிருந்து தெரியும்.

அப்புறம், நீங்கள் பொறாமையோடு குறிப்பிட்ட அந்த 0.7 வோல்ட். பாஸ்டன் கல்லூரிக் குழு 2004இல் வெளியிட்ட கார்பன் துணி, துத்தநாக ஆக்சைடு முடிவு அது: மைக்ரோமீட்டருக்கு 0.7 வோல்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஆம்பியர், பெருக்கக் காரணி, அதாவது பீட்டா, சுமார் 41,000. அளவீட்டை நான் குறை சொல்லவில்லை; இந்தத் துறையில் எத்தனையோ பேரைத் துணிப் பக்கம் திருப்பிய வேலை அது. ஆனால் அந்த இரண்டு எண்களையும் நேரடியாகப் பெருக்கிப் பாருங்கள். நுனியில் நானோமீட்டருக்குச் சுமார் 29 வோல்ட் வருகிறது. துத்தநாக ஆக்சைடின் வெளியேற்று ஆற்றலை வழக்கம்போல 5.3 எலக்ட்ரான் வோல்ட் என்று எடுத்தால், நானோமீட்டருக்கு 19.5 வோல்ட்டிலேயே ஆற்றல் தடை முழுவதும் காணாமல் போய்விடும். ஊடுருவ ஒரு தடையே இல்லாத இடத்தில் ஊடுருவல் சமன்பாட்டைப் போட்டு எடுத்த பீட்டாவை நுனியின் கூர்மை என்று படிக்க முடியாது. அந்த எண்ணுக்குள் குறைக்கடத்தியின் மின்தடை, பரப்பில் ஒட்டிய வாயுக்கள், இழைகள் அசைவது எல்லாம் சேர்ந்து கிடக்கக்கூடும். சர்ரே பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஃபோர்ப்ஸ் 2013இல் இதற்கென்றே ஒரு எளிய சோதனையைக் கொடுத்தார்: மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வைத்து வரையும் ஃபௌலர்-நார்ட்ஹைம் வரைபடத்தின் சாய்விலிருந்து நுனியின் மின்புலத்தைக் கணக்கிட்டு, அது பௌதிகத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. உங்கள் தரவை முதலில் அதில் போட்டுப் பாருங்கள். என் பழைய தரவுகளில் பல அதில் தேறவில்லை. அதன்பிறகு நான் பீட்டாவை ஒப்பீட்டு எண்ணாக மட்டும்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று, உமிழ்வு தொடங்கும் புலம் என்பதற்குப் பொது வரையறையே கிடையாது. ஒருவர் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோஆம்பியரில் எடுப்பார், இன்னொருவர் 1 மைக்ரோஆம்பியரில், பெரும்பாலானோர் 10 மைக்ரோஆம்பியரில். உங்கள் 2 வோல்ட் எந்த அளவில் எடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. 10 மைக்ரோஆம்பியரில் எடுத்ததென்றால் அது வருத்தப்பட வேண்டிய எண்ணே இல்லை.

சரி, பூச்சுக்கு வருவோம். கொள்கையளவில் உங்கள் எதிர்பார்ப்பு நியாயமானது. தேவைப்படும் மின்புலம் வெளியேற்று ஆற்றலின் ஒன்றரை அடுக்குப்படி மாறும். 5.3இலிருந்து லாந்தனம் ஹெக்சாபோரைடின் 2.7க்கு இறங்கினால், அதே மின்னோட்டத்துக்குத் தேவையான மின்புலம் தோராயமாக 36 சதவீதமாகக் குறைய வேண்டும். ஆனால் பூச்சுக்குத் தடிமன் உண்டு. நுனியின் ஆரம் 10 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 நானோமீட்டர் பூசினால் ஆரம் 30 ஆகிவிடும், பெருக்கம் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாக விழும். 0.36ஐ 3ஆல் பெருக்குங்கள்: சுமார் 1.1. வெளியேற்று ஆற்றல் கொடுத்ததை எல்லாம் வடிவம் திரும்ப வாங்கிக்கொண்டது. 5 நானோமீட்டர் பூசினால் கணக்கு 0.55 ஆகிறது, அது நல்ல லாபம். ஆக, எந்தப் பொருள் என்பதற்கு முன்னால் எத்தனை நானோமீட்டர் என்று கேட்க வேண்டும். கட்டுரைகளில் பூச்சு நேரம் கூடக் கூட உமிழ்வு முதலில் ஏறிப் பிறகு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தின் பின்னால் பெரும்பாலும் இந்தப் பேரம்தான் நிற்கிறது.

பூசும் முறையும் முக்கியம். ஸ்பட்டரிங் (அயனிகளால் அடித்துப் பொருளைத் தெறிக்கவிடுவது), லேசர் பூச்சு இரண்டும் ஒரு திசையிலிருந்து வந்து விழுபவை. மழை கூரைமேல் விழுவதுபோல இழையின் மேல்பக்கம் நனையும், அடிப்பக்கமும் நெசவின் குறுக்கே அடியில் போகும் இழையும் காய்ந்தே இருக்கும். உமிழ்வது மேல்பக்கம்தானே, அதனால் பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் கம்பிகள் இழையைச் சுற்றி எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் கம்பிகளின் ஒருபக்கத்தில் மட்டும் பூச்சு ஏறி அவை லேசாக வளைவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேண்டுமென்றால் வாயுவிலிருந்து ஒவ்வொரு அணு அடுக்காகப் படியவைக்கும் அணு அடுக்குப் படிவு முறைதான், ஆனால் அதில் எல்லாப் பொருளையும் பூச முடியாது.

லாந்தனம் ஹெக்சாபோரைடில் எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. அந்த 2.7 என்பது வெற்றிடத்தில் சுட்டுச் சுத்தமாக்கிய பரப்பின் எண். காற்றுபட்டதும் மேலே ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும், வெளியேற்று ஆற்றலும் ஏறும். அதை விரட்ட ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். உங்கள் துணியை அப்படிச் சூடாக்கினால் என்ன ஆகும்? பாஸ்டன் கல்லூரி முறையிலேயே நானோ கம்பி வளர்க்க உலையில் வைக்கும் மூலப்பொருள் எது என்று நினைத்துப் பாருங்கள்: துத்தநாக ஆக்சைடுத் தூளும் கிராஃபைட் தூளும். சூட்டில் கார்பன் ஆக்சைடை ஒடுக்கி, துத்தநாகத்தை ஆவியாக்கி அனுப்புகிறது. கார்பன் துணிமேல் நிற்கும் துத்தநாக ஆக்சைடும் அதே ஜோடிதான். சுத்தம் செய்யப் போய் கம்பியையே அடியோடு அனுப்பிவிடுவீர்கள். எனவே ஸ்பட்டர் செய்து, காற்றில் எடுத்துவந்து, வேறு கலத்தில் அளக்கும் பரப்புக்கு 2.7 போட்டுக் கணக்கிடாதீர்கள். இப்படிப் பூசியும் மேம்பாடு கண்டதாக முடிவுகள் உண்டு. அதை மறுக்கவில்லை; காரணம் வெளியேற்று ஆற்றல் மட்டுமா என்பதில்தான் சந்தேகம். துத்தநாக ஆக்சைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது, கம்பியின் நீளத்திலேயே கொஞ்சம் மின்னழுத்தம் விழுந்துவிடும். மேலே ஒரு கடத்தும் படலம் ஏறினாலே அந்த இழப்பு குறையும். பூச்சு எந்த வழியில் உதவியது என்று தெரிய, அதே தடிமனில் ஒரு சாதாரண உலோகத்தைப் பூசி ஒப்பிட வேண்டும்.

ஒட்டிய வாயுக்களையும் மறக்காதீர்கள். கார்பன் நானோ குழாய்களில் நுனியில் ஒட்டிய நீர் மூலக்கூறுகள் உமிழ்வைக் கூட்டுகின்றன, சூடாக்கி அவற்றை விரட்டினால் மின்னோட்டம் குறைகிறது என்பது 1999 வாக்கிலேயே காட்டப்பட்ட விஷயம். பூசாத துணியை முதல் நாள் அளந்து, பூசியதை ஒரு வாரம் கழித்து வேறு ஈரப்பதத்திலிருந்து எடுத்து அளந்தால், நீங்கள் பார்க்கும் வித்தியாசம் பூச்சா, தண்ணீரா? இரண்டையும் ஒரே மாதிரி, சில மணி நேரம் உமிழவிட்டுப் பழக்கிய பிறகு அளங்கள்.

இனி நான் நேரில் பட்ட பாடம் ஒன்று. எங்கள் கலத்தில் எதிர்மின் முனைக்கு நேரே ஒளிரும் திரை வைத்திருந்தோம். ஒரு துணித்துண்டு பிரமாதமான எண்களைக் கொடுத்துக்கொண்டிருந்தது, மைக்ரோமீட்டருக்கு 1 வோல்ட்டுக்கும் கீழே. அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்தேன். சதுரம் முழுக்கப் பச்சையாக ஒளிர வேண்டிய இடம் இருட்டாகக் கிடந்தது. இடது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி கண்ணைக் கூசியது. மின்னழுத்தத்தைக் குறைத்தால் புள்ளி மங்கி லேசாக நகர்ந்தது, கூட்டினால் பழைய இடத்துக்கே வந்தது. வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. துணியை வெட்டிய ஓரத்தில் பிரிந்த ஒற்றை இழை ஒன்று இருந்தது. மின்புலம் அதை எதிரே உள்ள தகட்டை நோக்கி நிமிர்த்தியிருக்கிறது. 300 மைக்ரோமீட்டர் இடைவெளி என்று நாங்கள் எழுதிவைத்த இடத்தில், அந்த இழையின் நுனிக்கும் திரைக்கும் நடுவே உண்மையில் அதில் ஒரு பங்குதான். மொத்த மின்னோட்டமும் அந்த ஒற்றை நுனியிலிருந்து வந்ததை நாங்கள் துணியின் முழுப் பரப்பால் வகுத்துக்கொண்டிருந்தோம். மூன்று மாத அளவீட்டை அன்றைக்குத் தள்ளிவைத்தேன். நானோ கம்பிகளுக்கு அதில் பங்கே இல்லை.

அதனால்தான் மூன்று வேலைகளைச் செய்யாமல் பூச்சைத் தொட வேண்டாம் என்கிறேன். கம்பி வளர்க்காத வெறும் கார்பன் துணியை அதே கலத்தில் அளந்து வையுங்கள். அதுவே நன்றாக உமிழும், பலர் அதைக் காட்டுவதில்லை. இடைவெளியைக் குறைந்தது மூன்று அளவுகளில் மாற்றி அளங்கள். உமிழ்வு தொடங்கும் புலம் இடைவெளியோடு சேர்ந்து மாறினால் எங்கோ ஒரு இழை நிற்கிறது. ஒளிரும் திரையில் படம் எடுங்கள். அதே துண்டைப் பூசுவதற்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் ஒப்பீடு. வேறு வேறு துண்டுகள் என்றால் ஒரே உலையில் வளர்ந்தவைகூட ஒன்றுபோல இருக்காது. கரைசல் முறையில் வளர்த்திருந்தால், கழுவிக் காயவைக்கும்போது தண்ணீரின் பரப்பு இழுவிசை கம்பிகளைக் கட்டுக்கட்டாகச் சாய்த்துவிடும். ஈரத் தலைமுடி சேர்ந்து ஒட்டுவதுபோலத்தான். ஒரு கட்டுக்கு ஒரு நுனி என்ற கணக்காகிவிடும், சில சமயம் அது நல்லதும்கூட. ஏனென்றால் மிக நெருக்கமான காடு தன்னையே மறைத்துக்கொள்ளும். உயரத்தைப்போல இரு மடங்கு இடைவெளிதான் நல்லது என்ற முடிவு 2000இலிருந்தே இருக்கிறது.

வளைவதைப் பற்றி. 500 தடவை வளைத்தும் மாற்றமில்லை என்று எழுதினால் கட்டுரையை மதிப்பிடும் நடுவர்கள் மகிழ்வார்கள், ஆனால் எந்த ஆரத்தில் வளைத்தீர்கள் என்பதே முக்கியம். 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோலில் சுற்றினால், 7 மைக்ரோமீட்டர் இழையின் வெளிப்பரப்பு நீள்வது வெறும் 0.07 சதவீதம். அதே கோலில் 200 மைக்ரோமீட்டர் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் 2 சதவீதம் நீளும், மேலே உள்ள ஆக்சைடு வெடித்துவிடும். துணியில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்வதால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைகிறது. இதுதான் இழையின் உண்மையான பெருமை, இதை நீங்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். ஆனால் அந்த வழுக்கலிலேயே கேடும் இருக்கிறது: இழைகள் குறுக்கிடும் இடத்தில் உரசி, கம்பிகள் சீவப்பட்டு உதிர்கின்றன. வளைத்த துணியை நுண்ணோக்கியில் பார்க்கும்போது வளைவின் உச்சியைப் பார்க்காதீர்கள், குறுக்கிடும் இடங்களைப் பாருங்கள். உதிர்ந்த வெள்ளைத் தூள் மடிப்பில் கிடக்கும். பூச்சு இங்கே நிஜமாகவே உதவும், கம்பியின் வேரை இழையோடு சேர்த்துப் பிடிக்கிற பசைபோல.

உடுப்பில் தைப்பது நடக்காது. எலக்ட்ரான் வெளியே வந்ததும் போக வெற்றிடம் வேண்டும். நான் வேலை செய்வது 10⁻⁷ டார் அழுத்தத்தில், அதைத் தாங்க ஒரு கெட்டியான கூடு வேண்டும். கூடு கெட்டியாக இருந்தால் உள்ளே இருப்பது வளைந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு. குழாயின் அச்சில் நூலாக நீட்டலாம், வளைந்த பரப்பில் ஒட்டலாம், அதிர்வைத் தாங்கும், மின்சாரத்தையும் சூட்டையும் கடத்தும் அடித்தளம் தனியாகத் தேவையில்லை. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் உயர்திறன் மைக்ரோவேவ் குழாய்களுக்குக் கார்பன் இழைகளில் சீசியம் அயோடைடு பூசிப் பல வருடங்கள் வேலை செய்தது. அங்கே யாரும் உடுப்பைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பூச்சு வாயு வெளிவருவதைக் குறைத்து எதிர்மின் முனையின் ஆயுளைக் கூட்டியது என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். கார்பன் நானோ குழாய் எக்ஸ்ரே கருவிகளிலும் கேள்வி அதுதான்: ஒரே மின்னோட்டத்தை எத்தனை மணி நேரம் கொடுக்கும்?

உங்களுக்கும் நான் சொல்வது அதுவே. தொடங்கும் புலத்தை இன்னும் அரை வோல்ட் இறக்குவதில் உங்கள் ஆய்வுக் காலத்தைச் செலவழிக்காதீர்கள். பூச்சை நீடிப்புக்காகப் பூசுங்கள். வெற்றிடத்தில் மிஞ்சியிருக்கும் வாயு அயனியாகி நுனியை ஓயாமல் அடிக்கும். அதைத் தாங்குகிற ஹாஃப்னியம் கார்பைடு போன்ற கெட்டியான கார்பைடோ, சில நானோமீட்டர் படிக வடிவமற்ற கார்பனோ உங்கள் துணிக்குப் பொருந்தும். நீடிப்புக்காக மட்டும் பூசும்போது ஆயிரம் டிகிரி சுத்திகரிப்பு அவ்வளவு கட்டாயமில்லை. 3, 6, 12 நானோமீட்டர் என்று மூன்று தடிமன், பூசாதது ஒன்று, வெறும் துணி ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரே தொடக்க மின்னோட்டத்தில் 24 மணி நேரம் ஓடவிட்டு, மின்னோட்டத்தின் தடுமாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஆம்பியரை 1000 வோல்ட்டில் எடுத்தால் எதிர் தகட்டில் விழுவது 1 வாட் சூடு. தகடு சூடாகி வாயுவைக் கக்கும், அந்த வாயு திரும்ப உங்கள் நுனியைத்தான் தாக்கும், ஆகவே அழுத்த அளவியையும் கூடவே பதிவு செய்யுங்கள். புனே பல்கலைக்கழகத்திலும் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலும் இந்த வகை உமிழ்வில் நீண்ட நாள் வேலை செய்யும் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் கலத்தில் ஒளிரும் திரை இல்லையென்றால் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகத் துணியை வெட்டும்போது ஒரு வேலை. வெட்டிய நான்கு ஓரங்களையும் அப்படியே விடாமல், நடுவில் துளையுள்ள மெல்லிய ஸ்டீல் சட்டம் ஒன்றை மேலே வைத்து அழுத்தித் திருகுங்கள், ஓரம் முழுக்கச் சட்டத்துக்கு அடியில் போகட்டும். பிறகு சாய்வான வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு இழை தலையை நீட்டிக்கொண்டிருந்தாலும் இடுக்கியால் எடுத்துவிட்டு, அதன்பின் கலத்தை மூடுங்கள்.